சிவப்பு என்று திரை சொல்லவில்லை

போன வியாழக்கிழமை அருள் தன் ஹெட்போனைக் கழற்றி என் பக்கம் நீட்டினான். "அக்கா, நீங்க செஞ்சதை நீங்களே ஒருதரம் கேளுங்க" என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. சாதாரணமாகத்தான் சொன்னான்.

மாட்டிக்கொண்டேன். உள்ளே ஒரு குரல்... "ஸ்லாஷ், டேஷ், பேக்ஸ்லாஷ், பார், ஸ்லாஷ், டேஷ், பேக்ஸ்லாஷ், பார்..." நிற்கவே இல்லை. அரை நிமிடம் தாங்கவில்லை, கழற்றிவிட்டேன். அவன் ஏழு மாதமாக அதைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும் – எனக்கு வாரத்தில் ஒருநாள்தான் எழுத்து. மற்ற நாட்களில் ஹைதராபாத்தில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் பிழைப்பு. அருள் என் டீம். மல்காஜ்கிரி ரயில்வே குடும்பத்துப் பையன், வயது முப்பத்து நான்கு. பிறவியிலேயே பார்வை கிடையாது. நான் பக்கத்திலேயே மாரெட்பள்ளி. டீமில் தமிழ் பேச நாங்கள் இரண்டே பேர் என்பதால் முதல் நாளே எனக்குத் தம்பியாகிவிட்டான்.

அவன் வேலை செய்தது டெர்மினலில். சினிமாவில் ஹேக்கர் வந்தால் கறுப்புத் திரையில் எழுத்து எழுத்தாக ஓடுமே, அதேதான். படம் கிடையாது, பட்டன் கிடையாது, மவுஸுக்கு வேலை கிடையாது. கட்டளையை டைப் செய்து என்டர் தட்டினால் பதில் எழுத்தில் வரும். எழுத்தாக வருவதையெல்லாம் ஸ்கிரீன் ரீடர் என்ற மென்பொருள் வாசித்துக் காட்டும். அருள் வைத்திருக்கும் வேகத்தில் நமக்கு அது மிக்ஸி ஓடுகிற மாதிரி இருக்கும். அவனுக்கு ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகக் கேட்கும்.

கேன்டீனில் இன்று என்ன இருக்கிறது, லிஃப்ட் எந்த மாடியில் நிற்கிறது – இதற்கெல்லாம் அவன் யாரையாவது கேட்டாக வேண்டும். டெர்மினலில் மட்டும் நாங்கள் எல்லோரும் அவனைக் கேட்போம். சர்வரில் எது கெட்டுப்போனாலும் முதலில் அருளைத்தான் தேடுவார்கள்.

அங்கே போய் நான் கை வைத்தேன்.

சர்வரில் புதிய மென்பொருளை ஏற்றவும், பழையதை அழிக்கவும் எங்கள் டீமில் ஒரு கருவி உண்டு. பல வருடமாக அழுதுவடிந்துகொண்டிருந்தது. அதைப் புதுப்பிக்கும் வேலை எனக்கு வந்தது. ஆசை ஆசையாகச் செய்தேன். காத்திருக்கும் நேரத்தில் சுற்றுவதற்கு ஒரு குச்சி, கட்டம் போட்ட பட்டியல், வேலை முடிந்தால் ஒரு ராக்கெட்! பார்க்கிறவர்களுக்குக் குச்சி சுற்றும். உண்மையில் அது ஒரே இடத்தில் மாற்றி மாற்றி எழுதப்படும் நான்கு குறிகள். ஸ்கிரீன் ரீடர் அத்தனையையும் வாசித்துவிடும். அருள் அந்த நேரத்தில் வால்யூமைக் குறைத்துவைப்பானாம். முடிந்திருக்கும் என்று தோன்றும்போது கூட்டுவானாம்.

இன்னொன்றும் செய்தேன். அதுதான் வினை.

பழைய கருவி எதையாவது அழிப்பதற்கு முன்னால் முழு வாக்கியத்தில் கேட்கும். "இது லைவ் சர்வர். நிச்சயமா?" லைவ் என்றால் வாடிக்கையாளர்கள் உபயோகித்துக்கொண்டிருப்பது. நாங்கள் சோதித்துப் பார்க்க வைத்திருப்பது என்றால், "இது டெஸ்ட் சர்வர். நிச்சயமா?" எனக்கு அது வளவளவென்று பட்டது. சொல்லை எடுத்துவிட்டு நிறத்தை வைத்தேன். லைவ் என்றால் திரை சிவப்பு, டெஸ்ட் என்றால் பச்சை. கேள்வி ஒரே சொல்தான் – "நிச்சயமா?"

மீட்டிங்கில் காட்டினேன். எல்லோரும் கை தட்டினார்கள். அருளும் தட்டினான். திரையில் என்ன தெரிகிறது என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

அப்புறம் அவன் இரண்டு முறை மெயில் போட்டான். அலங்காரம் இல்லாமல் ஓட்ட ஒரு வழி வைக்க முடியுமா என்று ஒன்று. எந்த சர்வர் என்று சொல்வதே இல்லையே என்று இன்னொன்று. நான் என்ன பதில் போட்டேன் தெரியுமா? "கண்டிப்பா பாக்கறேன்" – பக்கத்தில் ஒரு சிரிக்கும் பொம்மை. பிறகு அதை 'அப்புறம்' என்ற பட்டியலில் சேர்த்தேன். உங்கள் ஆபீஸிலும் அப்படி ஒரு பட்டியல் இருக்கும்... அதில் போனது எது திரும்பி வந்திருக்கிறது?

அவன் தனக்கென்று ஒரு வழி வைத்துக்கொண்டான். டெர்மினலின் முதல் ஜன்னலில் டெஸ்ட், இரண்டாவதில் லைவ். எப்போதும் அதே வரிசை.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை காலை, அவன் கம்ப்யூட்டர் அப்டேட் ஆகி, தானாக அணைந்து எழுந்திருக்கிறது. ஜன்னல்கள் வரிசை மாறித் திறந்திருக்கின்றன. அருள் முதல் ஜன்னலுக்குப் போய் பழைய டெஸ்ட் தகவல்களை அழிக்கச் சொன்னான். கருவி "நிச்சயமா?" என்றது. ஆமாம் என்றான். திரை முழுக்கச் சிவப்பாக இருந்தது.

ஒரு மருந்துக் கடை நிறுவனத்தின் இணையதளம் நான்கு மணி நேரம் படுத்துவிட்டது. பேக்கப்பிலிருந்து எல்லாவற்றையும் மீட்டவனும் அருள்தான். அதை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் விசாரணை. யாரும் சத்தம் போடவில்லை. ஒருவர் மட்டும், ஸ்கிரீனே சிவப்பாக இருந்ததே, கவனிக்கவில்லையா என்று கேட்டுவிட்டார். கேட்ட பிறகுதான் யாரிடம் கேட்டோம் என்று அவருக்கு உறைத்தது. தலையைக் குனிந்துகொண்டார். அறையே பரிதாபப்பட்டது. சொல்லை எடுத்துவிட்டு நிறத்தை ஏன் வைத்தீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. அதற்குப் பதில் தெரிந்த ஒரே ஆள் நான். காபி கப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்ததும் அவன் கையைப் பிடித்து, தப்பு என்னுடையது, போய்ச் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"நக்கோ அக்கா" என்றான். வேண்டாம் என்பதற்கு எங்கள் ஊர் வார்த்தை. "நானும் இன்னொருதரம் செக் பண்ணியிருக்கணும். எப்பவும் பண்ணுவேன், அன்னைக்குப் பண்ணல. இப்ப நீங்க போய்ப் பேசினா, ஒரு ஆளுக்காக எல்லாத்தையும் மாத்தணுமான்னு ஆரம்பிப்பாங்க. அப்புறம் என்னை மாதிரி இன்னொருத்தனை எடுக்கவே யோசிப்பாங்க."

அந்த 'நக்கோ'வை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். எவ்வளவு வசதியான சொல்! அவனே வேண்டாம் என்றபின் நான் என்ன செய்ய முடியும்?

பத்து நாளில் முடிவு வந்தது. அருளை மூன்றாவது மாடிக்கு மாற்றினார்கள். வாடிக்கையாளர்களின் புகார்களைப் படித்து, பதிலைத் தேர்ந்தெடுத்து அனுப்பும் டீம். இனிமேல் அவருக்கு டென்ஷன் இல்லை என்றார் எங்கள் மேனேஜர். நல்ல மனிதர்; நிஜமாகவே அக்கறையோடுதான் சொன்னார். அதனால்தான் எதிர்த்துப் பேச எவருக்கும் வாய் வரவில்லை.

ஹெட்போனை நீட்டிய வியாழக்கிழமை, எங்கள் மாடியில் அவனுடைய கடைசி நாள்.

அவன் போனதும் உட்கார்ந்து அந்த வாக்கியத்தைத் திரும்பப் போட்டேன். பதினோரு நிமிடம் ஆனது. குச்சியையும் ராக்கெட்டையும் நிறுத்திவைக்க ஒரு வழி செய்ய இன்னும் அரை மணி. அவ்வளவுதான் வேலை! ஏழு மாதமாக 'அப்புறம்' பட்டியலில் கிடந்தது இதுதான். நடந்ததற்கு நானே காரணம் என்று மேனேஜருக்கு நீளமாக ஒரு மெயிலும் எழுதினேன். ஒரு கட்டைவிரல் பொம்மை பதிலாக வந்தது. நேரில் போய், அவனைத் திரும்ப எங்கள் டீமுக்கே அனுப்புங்கள் என்று கேட்டேன். முடிந்துபோனதைக் கிளற வேண்டாம், அவருக்கும் அங்கே பழகிவிடும் என்றார்.

இந்தத் திங்கட்கிழமை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மூன்றாவது மாடிக்குப் போனேன். அருள் ஹெட்போனை மாட்டி, வேண்டுமென்றே ஒரு அழிக்கும் கட்டளையை அடித்தான். காத்திருந்தான். அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கருவி கேட்டிருக்க வேண்டும் – 'இல்லை' என்று அடித்துவிட்டுக் கையை எடுத்தான்.

"நல்லாருக்கு அக்கா" என்றான். "முன்னாடி இருந்த மாதிரியே இருக்கு."

அவன் குத்திக் காட்டவில்லை. குத்திக் காட்டத் தெரியாதவன். அதற்குள் அவன் திரையில் நாலைந்து புகார்கள் சேர்ந்துவிட்டிருந்தன. லேப்டாப்பை மூடிக்கொண்டு மேலே வந்தேன்.

இப்போது அந்தத் திரை வாயைத் திறந்து சொல்கிறது, இது லைவ் சர்வர் என்று. எங்கள் மாடியில் மிச்சமிருக்கும் எல்லோருக்கும் கண் நன்றாகத் தெரியும்.