வைக்கே என்றால் அமைதி

ஆதுவின் முதல் மூன்று பிள்ளைகளும் ஓயாமல் அழுதவர்கள். நான்காவதாகப் பெண் பிறந்த சமயத்தில், ஜெர்மன் பெயர்களை விட்டுவிட்டு எஸ்தோனியச் சொற்களையே பிள்ளைகளுக்குச் சூட்டும் மோகம் சாரேமா தீவில் பரவியிருந்தது. ஆது யோசிக்கவேயில்லை. 'வைக்குஸ்' என்றால் அமைதி. அதிலிருந்து வந்த 'வைக்கே' என்ற பெயரையே வைத்தார். ஞானஸ்நானத்தின்போது பாதிரியார் அந்தப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் குழந்தை வீறிட்டதில், அவர் கையிலிருந்த தண்ணீர்க் கிண்ணம் நழுவி விழுந்தது.

ஆள் வளர வளரக் குரலும் வளர்ந்தது. ஊர்ப் பாடகர் குழுவில் அவளை அடுத்த அறையில் நின்று பாடச் சொன்னார்கள். அப்படியும் அவள் குரல்தான் கேட்டது.

மீனவர் கூட்டுப் பண்ணையின் நூலகத்துக்கு ஆள் தேவைப்பட்டபோது, புதிதாக வந்திருந்த தலைவர் பெயரை மட்டும் பார்த்து அவளை நியமித்துவிட்டார். "சத்தம் போடாதீங்க!" என்று அவள் சொன்னால், துறைமுகத்தில் வலை பின்னுகிறவர்கள்கூட வாயை மூடிக்கொண்டார்கள்.

ஓர் இலையுதிர்கால மதியம் கடல்மேல் மூடுபனி கவிந்தது. துறைமுகப் பொறுப்பாளர் எண்டெல் நூலகத்துக்கு ஓடி வந்தார்.

"வைக்கே, படகெல்லாம் வெளியே மாட்டிக்கிச்சு. கரைக்கு வழிகாட்ட ஊதுற சங்கு ரிப்பேர். நீ வந்து கத்தும்மா!"

"என்னன்னு கத்துறது?"

"எதையாவது! நிறுத்தாம இருந்தாப் போதும்."

வாசித்துக்கொண்டிருந்த தடித்த காதல் நாவலோடு போய்ப் படகுத்துறை முனையில் நின்றாள். விட்ட இடத்திலிருந்து உரக்க வாசித்தாள். படகுகளின் இரைச்சல் நெருங்கி வந்தது. பிறகு ஒவ்வொன்றாக இஞ்சின்கள் நின்றன. ஒருவரும் உள்ளே வரவில்லை.

கரையில் காத்திருந்த சல்மே பனியைப் பார்த்துப் புருஷனைக் கூப்பிட்டாள். "யோவ் கால்யோ! சூப்பு ஆறுது, உள்ள வாய்யா!"

"சும்மா இருடி! கதையில டாக்டர் அந்தக் கதாநாயகியைக் கட்டிக்கிறானா இல்லையான்னு தெரியணும். நாங்க வந்துட்டா இவ நிறுத்திடுவா!"

எண்டெல் தலையில் அடித்துக்கொண்டார். "கடைசிப் பக்கத்தை வாசிச்சுத் தொலைம்மா!"

"நடுவுல பாதிக் கதை கிடக்கே!"

"வாசி!"

வாசித்தாள். டாக்டர் கதாநாயகியின் தங்கையைக் கட்டிக்கொண்டார். பனிக்குள்ளிருந்து வசவு மழை பொழிந்தது. இஞ்சின்கள் உறும, படகுகள் வரிசையாகக் கரை சேர்ந்தன. யாரும் நன்றி சொல்லவில்லை. முடிவைப் போட்டு உடைத்துவிட்டாளென்று முகம் திருப்பிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் காலை யூனோ என்ற மீனவன் மட்டும் புகைபோட்ட மீனோடு நூலகத்துக்கு வந்தான்.

"அது சரி, அந்தத் தங்கச்சி எப்போ கதைக்குள்ள வந்தா?"

அவள் சொல்ல ஆரம்பித்தாள். குளிர்காலம் முழுக்கச் சொன்னாள். கடலில் பனிக்கட்டி உருகுமுன் இருவருக்கும் கல்யாணம் நிச்சயமானது. கல்யாணத்தன்று பதிவாளர் காதைப் பொத்திக்கொண்டு, "சம்மதம்னா தலையாட்டினாப் போதும்மா," என்றார்.

வைக்கே தலையாட்டவில்லை. வாய்விட்டே சொன்னாள்.