பூஜ்யம் காட்டாத சக்கரம்

டயர் கடையில் அவளை எல்லாரும் ஜீரோ அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிட மூத்த லாரி டிரைவர்களுக்கும் அவள் அக்காதான். ஒரு சக்கரத்தை பேலன்ஸ் மெஷினில் ஏற்றிச் சுற்றவிட்டால், உள்பக்கத்துக்கு ஒன்று, வெளிப்பக்கத்துக்கு ஒன்று என்று திரையில் இரண்டு பூஜ்யம் விழுகிறவரை இறக்க மாட்டாள். "பத்து கிராம்தானேக்கா, விடு, ரோட்டுல போற வண்டிதானே" என்று யாராவது அவசரப்படுத்தினால், "ரோட்டுல போறதாலதான் விடலை. வீட்டுல நிக்கிற வண்டின்னா எப்பவோ விட்டிருப்பேன்" என்பாள்.

போன் எடுத்துப் பேசத்தான் அவள் அந்தக் கடைக்கு வந்தது. மெஷின் பார்த்தவர் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட, "ரெண்டு நாளைக்கு நீ பார்த்துக்கம்மா" என்றார் முதலாளி. அந்த ரெண்டு நாள் பதினோரு வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது. சக்கரத்தில் எந்தப் பக்கம் கனம் கூடுதல், அதற்கு எதிரே ரிம் விளிம்பில் எத்தனை கிராம் ஈயக்கட்டி அடிக்க வேண்டும் என்பதைப் பாதி நேரம் மெஷினுக்கு முன்னால் அவளே சொல்லிவிடுவாள்.

அப்பேர்ப்பட்டவளின் புருஷன் ஓட்டிய லாரிதான் ஊரிலேயே அதிகமாக ஆடிய லாரி.

அது கல்குவாரியிலிருந்து ஜல்லி ஏற்றும் வண்டி. குவாரியிலிருந்து தார் ரோடு வரைக்கும் எட்டு கிலோமீட்டர் கல்லும் பள்ளமும்தான். திங்கட்கிழமை அவள் பார்த்துப் பார்த்து அடித்து அனுப்பும் ஈயக்கட்டியை வியாழக்கிழமைக்குள் ஏதாவது ஒரு கல் தட்டிவிட்டிருக்கும். கட்டி போனதும் முன்சக்கரம் துள்ள ஆரம்பிக்கும். சக்கரம் துள்ளினால் ஸ்டீயரிங் நடுங்கும். மெக்கானிக் அடியிலிருந்து நுனிவரை பார்த்துவிட்டு, வண்டியில் வேறு கோளாறு இல்லை என்று கைவிரித்துவிட்டார். கண்ணாடியில் பின்னால் வரும் ஒரு வண்டி இரண்டாகத் தெரிகிறது என்று அவன் சிரித்துக்கொண்டே சொல்வான். ஆறு வருஷம் அப்படிச் சிரித்தாயிற்று.

பிறகு, நடுங்கும் ஸ்டீயரிங்கைப் பிடித்துப் பிடித்தே அவன் விரல்கள் மரத்துப்போயின. காலையில் சட்டைப் பட்டனைப் பிடித்தால், பிடித்திருப்பதே தெரியவில்லை. அன்றிலிருந்து அவள்தான் போட்டுவிடுகிறாள். தையற்காரனிடம் அளவு கொடுப்பவனைப்போல அவன் மேலே பார்த்துக்கொண்டு நிற்பான்.

குவாரி கம்பெனி டாக்டர் அவனுடைய கண்ணை மூடச் சொல்லி ஊசியால் விரல் நுனியைத் தொட்டு, "எந்த விரல்ல குத்தறேன் சொல்லுங்க" என்றாராம். "குத்த ஆரம்பிச்சிட்டீங்களா?" என்று கேட்டானாம் இவன். மூன்று மாதத்தில் மறுபடி பார்ப்பேன், இதே நிலை என்றால் ஸ்டீயரிங் கிடையாது, கேட்டில் உட்கார்ந்து வண்டி நம்பர் எழுதும் வேலைதான் என்று எழுதிக் கொடுத்துவிட்டார் டாக்டர்.

"நம்பர் எழுதவும் விரல் வேணும். அந்தாளு அதை யோசிக்கவே இல்ல பாரு" என்றான் அவன், அவளிடம் காகிதத்தை நீட்டி.

"ஸ்டீயரிங் நடுக்கம் நின்னா விரல் திரும்புமாமா?"

"திரும்பலாமாம்."

அவளுக்கு அது போதும். ஈயத்தை விட்டால் வேறு என்ன வழி என்று தேட ஆரம்பித்தாள். ரிம்மின் உள்புறம் ஒட்டும் எடையைப் போட்டுப் பார்த்தாள். பிரேக் சூட்டில் பசை இளகி ஒரே வாரத்தில் உதிர்ந்துவிட்டது. சக்கரத்துக்குப் பின்னால் மாட்டும் ஒரு வளையம் உண்டு, உள்ளே எண்ணெயும் இரும்புக் குண்டுகளும் இருக்கும். வண்டியில் புதிதாக எதையும் மாட்டக்கூடாது என்று கம்பெனி சொல்லிவிட்டது. புருஷனின் கூட்டாளி ஒருவன், டயருக்குள் தண்ணீர் ஊற்றினால் போதும் என்று யோசனை சொல்லி அனுப்பினான்.

"அந்த அறிவாளிகிட்ட சொல்லுங்க, உள்ள ரிம் துருப்பிடிச்சு நடுரோட்டுல உக்காரும், அப்ப குளிச்சுக்கலாம்னு" என்றாள்.

இதிலேயே ஒரு மாதம் தீர்ந்தது. அப்போதுதான் டயர் சாமான் விற்க வந்தவர் ஒரு பொட்டலத்தைக் காட்டினார். கடுகைவிடச் சின்னக் கண்ணாடி மணிகள். டயருக்குள் கொட்டி மூடிவிட வேண்டும். சக்கரம் வேகம் பிடித்ததும் மணிகள் தாமாகவே உருண்டு, கனமான இடத்துக்கு எதிர்ப்பக்கம் போய் ஒண்டிக்கொள்ளும். வெளியே எதுவும் இல்லாததால் கல் தட்டிவிடவும் முடியாது.

"காதுல பூ சுத்தறாங்கம்மா. மணிக்குக் கண்ணு இருக்கா, எந்தப் பக்கம் கனம்னு பார்த்துப் போக?" என்றார் முதலாளி.

அவர் வெளியூர் போயிருந்த ஒருநாள், புருஷன் லாரியின் இரண்டு முன்சக்கரங்களையும் கழற்றி, டயருக்கு முந்நூறு கிராம் மணி கொட்டி, பூட்டி அனுப்பிவிட்டாள். மெஷினில் வைக்க வேண்டாம் என்று பொட்டலத்தோடு வந்த காகிதத்தில் போட்டிருந்தது. வைக்கவில்லை.

மூன்றாம் நாள் அவன் கடை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, கையை உதறிக்கொண்டே இறங்கினான்.

"உள்ள மணி போட்டியா, செங்கல்லு போட்டியா?"

"ஏன்?"

"பல்லு ஆடுதுடி. கழண்டு விழாததுதான் பாக்கி."

டயரைப் பிரித்ததும் அவளுக்கே தெரிந்துவிட்டது. மணிகள் உருளவில்லை. கைமுட்டி அளவுக்கு ஒரே கட்டியாக ஒரு பக்கம் இறுகி ஒட்டிக்கொண்டிருந்தன. விரலால் கிள்ளி எடுத்து முகர்ந்து பார்த்தாள். சோப்பு வாசனை. டயர் ரிம்மில் வழுக்கி உட்காருவதற்காக ஓரத்தில் சோப்புத் தண்ணீர் தடவுவது வழக்கம். பதினோரு வருஷமாகத் தாராளமாகத்தான் தடவிவந்தாள். ஈயம் வெளியே இருந்தவரை உள்ளே ஈரம் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன. இப்போது அந்த ஈரமே மணிகளைக் கட்டியாக்கிவிட்டது.

"தப்பு என்னுது" என்றாள்.

ஊரிலிருந்து திரும்பியிருந்த முதலாளி, "இந்த வாயிலிருந்து இதைக் கேக்கப் பதினோரு வருஷம் ஆச்சு" என்றார்.

"கேட்டாச்சுல்லண்ணே, போய் டீ குடிங்க."

இரண்டு டயர்களையும் துணியால் துடைத்து, காலையிலிருந்து மத்தியானம்வரை வெயிலில் வாய் திறந்து வைத்தாள். கடையில் கால்வைத்தவர்களெல்லாம் "என்னக்கா, வடகம் காயுதா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். ரிம்மின் ஓரத்தில் மட்டும் பிரஷ் நுனியால் லேசாகத் தொட்டு, அதுவும் உலர்ந்த பிறகு, புது மணி கொட்டிப் பூட்டினாள்.

இந்தத் தடவை முதலாளி பக்கத்திலேயே நின்றார். "மெஷின்ல ஏத்து" என்றார்.

"ஏத்தக் கூடாதுண்ணே."

"என் கடையில இருந்து மெஷின் பார்க்காம வண்டி போகாது. அந்தச் சட்டம் போட்டதே நீதான்."

ஏற்றினாள். தொண்ணூறு கிராம் காட்டியது. மறுபடி சுற்றினால் நாற்பது. மூன்றாவது தடவை நூற்று இருபது, அதுவும் வேறு பக்கத்தில். முதலாளி அவள் முகத்தைப் பார்த்தார். புருஷன் பேச்சை, முதலாளி பேச்சை, ஏன், தன் கண்ணையேகூட அவள் சந்தேகப்பட்டதுண்டு. அந்தத் திரையை ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை.

"ரோட்டுல சக்கரம் ஸ்பிரிங்ல மேலயும் கீழயும் ஆடும்ணே. அந்த ஆட்டத்துலதான் மணி தன் இடத்துக்குப் போகும். இங்க மெஷின் இறுக்கிப் பிடிச்சு மெதுவாச் சுத்துது. மணி விழுந்த இடத்துலயே கிடக்குது." சொல்லச் சொல்லத் தனக்கே தைரியம் சொல்லிக்கொள்வதுபோல் இருந்தது.

"ஆடுச்சுன்னா?"

"ஆடுச்சுன்னா நானே ஈயம் அடிக்கிறேன். இப்ப நானும் கூடப் போறேன்."

"புருஷனும் பொண்டாட்டியுமா ஊர்வலம் கிளம்புங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நகர்ந்தார் அவர்.

கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் அவன் ஓட்டும் வண்டியின் இடது சீட்டில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல்தடவை. புறவழிச் சாலையில் ஏறினார்கள். முப்பதில் ஸ்டீயரிங் முனகியது. நாற்பதில் நன்றாகவே நடுங்கியது. அவன் ஓரக்கண்ணால் அவளைப் பார்த்தான்.

"ஜீரோ மேடம் என்ன சொல்றாங்க?"

"ரோட்டைப் பாருங்க."

"திருப்பிடவா?"

"வேகத்தைக் கூட்டுங்கன்னா."

டாஷ்போர்டில் இருந்த தண்ணீர் பாட்டிலையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐம்பதைத் தாண்டும்போது உள்ளே தண்ணீர் குலுங்கிக்கொண்டுதான் இருந்தது. அறுபதில் குலுக்கல் சின்னச் சின்ன வட்டமானது. அதற்குப் பிறகு வட்டமும் இல்லை. அவன் வலதுபக்கக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே ஓட்டினான்.

"பின்னாடி வர்ற வண்டிக்காரன் மூக்கை நோண்டறான்" என்றான் கடைசியில்.

"எத்தனை பேரு?"

"ஒரே ஒருத்தன்தான்."

அடுத்த வியாழக்கிழமை வந்தது, அதற்கடுத்த வியாழனும் போனது. மணிகள் உள்ளேயே கிடந்தன. ஆறு வாரம் கழித்து டாக்டர் மறுபடி ஊசியை எடுத்தார். பத்து விரலில் ஏழு சரியாகச் சொன்னது. மூன்று இன்னும் ஊமை. முழுசாகத் திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது, ஆனால் ஓட்டலாம், ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்று எழுதிக் கொடுத்தார். கேட்டில் நம்பர் எழுத வேறொருவரைப் போட்டார்கள்.

கடையில் அவள் இப்போதும் ஈயம்தான் அடிக்கிறாள். நல்ல ரோட்டில் ஓடுகிறவனுக்கு எதற்கு மணி என்பாள். குவாரி வண்டி வந்தால் மட்டும் மெஷினுக்கு உறை மாட்டிவிட்டுப் பொட்டலத்தை எடுப்பாள். உறை மாட்டுவது முதலாளியின் கண்ணுக்காக. இல்லாவிட்டால் அவர் ஏற்றிப் பார்க்காமல் இருக்க மாட்டார்.

டாக்டரிடம் போய்வந்த மறுநாள் காலை. அவள் கைவேலையை விட்டுவிட்டு வழக்கம்போல அறைக்குள் வந்தபோது, அவன் கண்ணாடி முன்னால் நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றிருந்தான். மேல் பட்டனுக்கு நாலு தடவை தவறி, ஐந்தாவதில் மாட்டியது. சாவியை எடுத்துக்கொண்டு திரும்பினான்.

"ஒரு பட்டன் மாறியிருக்குங்க. கீழ ஒரு பக்கம் தொங்குது."

குனிந்து பார்த்தான்.

"தொங்கட்டும்" என்றான். "போட்டது நான்."

வாசலுக்கு இறங்கிப் போனான். பிடித்து நிறுத்திச் சரிசெய்ய அவள் கை எழுந்தது. பிறகு அந்தக் கையாலேயே கதவைச் சாத்தினாள்.