வழுக்கி விழுந்த பதினொருவர்

பங்கஜவல்லி கருக்களாச்சேரியில் பிறந்து, காரைக்கால் கடற்கரைச் சாலையோரத்தில் வாழ்க்கைப்பட்டவள். இருபத்தாறு ஆண்டுகளாகத் தருமபுரத்துத் தெருக்களில் மீன் விற்கிறாள். எடை போட்டபின் கூடுதலாக ஒரு மீன் போடுகிற வழக்கம் அவளிடம் இல்லை. குறைத்துப் போட்டாள் என்று எவரும் சொன்னதும் இல்லை.

கணவன் முத்தையனுக்கு, விசைப்படகு எஞ்சின் அருகிலேயே முப்பது ஆண்டுகள் நின்றதில் காது அடைத்துப் போயிற்று. இப்போது வலை பின்னுகிறான். வீடு சாலையின் இந்தப் பக்கம், வலைக் கொட்டகை அந்தப் பக்கம். நாளுக்கு நான்கு முறை அவன் கடக்க வேண்டிய அந்த முப்பதடிதான் பங்கஜவல்லியின் கவலை முழுவதும். சனி, ஞாயிறுகளில் வெளியூர் வண்டிகள் கடலைக் கண்ட குதூகலத்தில் பறந்து வரும். இரண்டாண்டுகளுக்கு முன் அப்படி வந்த கார் ஒன்று இடித்து, அவன் வலக்கை முறிந்தது.

வேகத்தடையும், கடப்பதற்கு வெள்ளைக் கோடும் கேட்டு அவள் மூன்று முறை மனுக் கொடுத்தாள். மூன்றாம் முறை, இளநிலைப் பொறியாளர் கார்த்திகேசன் கோப்பை அவள் பக்கமாகத் திருப்பிக் காட்டினார்.

"அஞ்சு வருசத்துல அந்த ரோட்டுல ஒரு விபத்துகூடப் பதிவாகலியேம்மா. எதை வச்சு நான் மேல எழுதுறது?"

"எங்க வீட்டுக்காரருக்குக் கை ஒடிஞ்சுதே சார்!"

"கேஸ் குடுத்தீங்களா?"

கொடுக்கவில்லை. இடித்தவனே அழுதுகொண்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கி ஓடினான். போலீஸ், கோர்ட் என்று யார் அலைவது? "பேசி முடிச்சாச்சு" என்று தெருவே சொல்லிற்று. எப்படி அடிபட்டது என்று டாக்டர் கேட்டபோது, "வழுக்கி விழுந்துட்டாரு" என்று சொன்னவள் அவளேதான். அந்தத் தெருவில் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள்.

அன்று மாலையே அவள், சென்ற நோன்பு மாதத்தில் மோட்டார் சைக்கிள் இடித்து முழங்கால் பெயர்ந்த சுல்தான் பீவியின் வீட்டுக்குப் போனாள்.

"லாத்தா, உங்க ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்கா?"

"இருக்கு. ஆனா அதுல நான் வழுக்கி விழுந்ததால்ல இருக்கு?"

"அதான் வேணும்."

"ஏன் புள்ள, பொய் சொன்னதுக்கு என்னைய உள்ள தள்ளப் போறியா?"

"தள்ளுனா ரெண்டு பேரும் ஒண்ணாப் போவோம், எடுங்க."

மூன்று வாரம், மீன் விற்ற கையோடு, காலிக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினாள். அடிபட்டவர்களில் பூமிநாதன் மட்டும் இழுத்தடித்தான்.

"முடிஞ்ச விசயத்தைக் கிளறாதக்கா. இடிச்ச ஆளு இன்னும் தீபாவளிக்குத் தீபாவளி போன் பண்றான்."

"அந்த ஆளு மேல ஒண்ணும் இல்லப்பா. ரோட்டு மேலதான் புகார்."

அவனும் கொடுத்தான்.

பதினோரு சீட்டுகளும் அடிபட்டவர்களும் பொறியாளரின் அறையில் கூடினர். பங்கஜவல்லி சீட்டுகளை மேசைமேல் வரிசையாகப் பரப்பினாள்.

"ஒரே ரோட்டுல பதினோரு பேர் வழுக்கி விழுந்திருக்கோம் சார். எண்ணெய் ஊத்தியா ரோடு போட்டீங்க?"

கார்த்திகேசன் சிரித்தார். பிறகு சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தார். பாதியிலேயே சிரிப்பு நின்றது.

"நடந்ததை நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. முன்ன சொன்னது பொய்யின்னும் எழுதணும். அப்பத்தான் நான் மேல அனுப்ப முடியும்."

பங்கஜவல்லி தாளை இழுத்தாள். 'என் கணவர் வழுக்கி விழவில்லை. கார் இடித்தது. வழுக்கி விழுந்தார் என்று டாக்டரிடம் பொய் சொன்னவள் நான்.' கையெழுத்திட்டுப் பேனாவைச் சுல்தான் பீவியிடம் நீட்டினாள்.

அடுத்த ஞாயிறு மாலை கார்த்திகேசன் சாலையைப் பார்வையிட வந்தார். கொட்டகைப் பக்கம் போக நினைத்தவர், வண்டிகள் ஓயாததால் ஏழு நிமிடம் நின்ற இடத்திலேயே நின்றார்.

இரண்டு மாதங்களில் வேகத்தடைகள் எழுந்தன. வெள்ளைக் கோடும் விழுந்தது. முதல் நாள் சாலையோரம் நின்று பார்த்த முத்தையன், காது கேளாதவருக்கே உரிய உரத்த குரலில், "எல்லா வண்டியும் நமக்குக் கும்பிடு போட்டுட்டுப் போவுது பாருடி!" என்றான்.

அவள் கோட்டின்மேல் நடந்து, அவனைக் கொட்டகையில் விட்டுத் திரும்பினாள். அவள் பார்வை, சாலை திரும்பும் வளைவில் நிலைத்தது. அங்கே கோடு இல்லை.

"லாத்தா," என்று வாசலில் நின்ற சுல்தான் பீவியைக் கூப்பிட்டாள். "அந்த வளைவுல யாரு யாரு வழுக்கி விழுந்திருக்காங்க, சொல்லுங்க?"