ரிவர்ஸ்காரர் கடல் பார்க்கப் போன கதை

“எப்பவுமே ரிவர்ஸ்லதான் உள்ள விடணும். அப்பதான் கெளம்பறப்ப நேரா மூஞ்சியக் காட்டிட்டு வெளிய வரலாம்,” என்றார் அவர்.

யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பல் டாக்டரம்மா லிஃப்டுக்காக நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் பை, ஒரு கையில் சாப்பாட்டுக் கூடை, சாவி வாயில்.

“மக இருக்கற ஊரச் சொல்றேன்,” என்று அவரே தொடர்ந்தார். “மியூசியத்துக்கு அடியில நிறுத்தற இடம் இருக்காம். கூரை தாழ்வாம். எறங்கறப்ப இடது பக்கம் ஒரு தூணு இருக்காம், அது பாக்காத வண்டியே இல்லையாம்.”

டாக்டரம்மா வாயிலிருந்து சாவியை எடுத்து அவரிடம் கொடுத்தார். மியூசியத்துக்கு உள்ளே என்ன இருக்கிறதாம் என்று கேட்டார். அதை விசாரிக்கவில்லை என்று அவர் சொன்னார்.

அந்தக் கட்டடத்தில் மேலே பல் ஆஸ்பத்திரி, வக்கீல் ஆபீஸ், கண்ணாடிக் கடை என்று பலதும் உண்டு. கீழே பூமிக்குள் கார் நிறுத்தும் இடம். வருகிறவர்கள் வாசலில் இறங்கிச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அவர் வண்டியைக் கீழே கொண்டுபோய், இரண்டு தூணுக்கு நடுவில் பின்பக்கமாக ஒரே திருப்பில் சொருகிவிட்டு வருவார். கதவைத் திறந்து ஆள் இறங்க எவ்வளவு இடம் வேண்டுமோ அவ்வளவுதான் மிஞ்சியிருக்கும். அவர் உடம்பும் அதற்கேற்ற மாதிரி ஒல்லி. அதனால் ரிவர்ஸ்காரர் என்று பேர் வந்தது. சொந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் இப்போதெல்லாம் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

வேடிக்கை என்னவென்றால், அவர் கை படாத கார் கிடையாது. பெரியது, சின்னது, கூரை திறப்பது, பேசுவது எல்லாம் ஓட்டியிருக்கிறார். ஆனால் ஒன்றைக்கூட எங்கேயும் கொண்டுபோனதில்லை. முதல் கியர், ரிவர்ஸ் கியர், சரிவு காலியாக இருந்தால் ஆசைக்கு ஒரு இரண்டாவது கியர். அதோடு சரி. லைசென்ஸ் எடுத்த அன்றைக்கு மூன்றாவது போட்டிருக்கிறார். அது கல்யாணத்துக்கு முந்திய சங்கதி.

மகளைக் கட்டிக்கொடுத்தது கடலோரத்து ஊரில். ஊர் என்றால் ஊரா அது. ஒரு முனையில் மழை பெய்தால் மறு முனையில் துணி காயும். ரயிலில் போனால் ஊர் வந்துவிட்டது என்று பையை எடுத்துக் கையில் வைத்துக்கொள்வோம். அப்புறம் பையைக் கீழே வைத்து ஒரு தூக்கம் போட்டுவிட்டு மறுபடி எடுக்கலாம். மகள் அங்கே குடித்தனம் போனதிலிருந்து கடலைப் பார்த்தது இரண்டே தடவை. அவள் வீட்டிலிருந்து கடற்கரைக்குப் போவது வெளியூர் போவது மாதிரி.

அங்கேதான் பேத்தி பிறந்தாள். ரிவர்ஸ்காரரும் அவர் வீட்டுக்காரியும் ரயிலேறிப் போனார்கள், ஆஸ்பத்திரிச் சுவரைப் பார்த்தார்கள், குழந்தையைப் பார்த்தார்கள், திரும்பி வந்தார்கள். வந்த மனிதர் பழைய மனிதர் இல்லை. சாவி வாங்கும்போது ஒரு கையால் சாவியை வாங்கி மறு கையால் போனை நீட்டுவார். “இந்தக் காதப் பாருங்க. அப்படியே எங்க வீட்டுக் காது.” அவசரமாக வந்தவர்கள்கூடக் காதைப் பார்த்து, ஆமாம் என்று சொல்லிவிட்டுத்தான் மேலே போக முடிந்தது. வக்கீல் ஒருத்தர் மட்டும் குழந்தைக் காது எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும் என்று சொல்லிவிட்டார். அவர் வண்டி அன்றிலிருந்து தண்ணீர் சொட்டுகிற மூலைக்குப் போய்விட்டது.

அந்தச் சமயம் பார்த்து டாக்டரம்மா புது வண்டி வாங்கினார். மூலைத் தூணோரம் நின்றிருந்த பழைய சின்ன வண்டியை, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சல்லிசாக இவருக்குக் கொடுத்துவிட்டார். சாயங்காலம் வரை ரிவர்ஸ்காரர் சட்டைப்பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். யாருக்கும் திருப்பிக் கொடுக்க வேண்டாத சாவி அதுவரை அவர் கைக்கு வந்ததே இல்லை.

உடனே திட்டம் பிறந்துவிட்டது. ஒரு வாரம் லீவு போடுவது. சொந்த வண்டியில் அந்த ஊருக்குப் போவது. பேத்தியைப் பின்சீட்டில் வைத்துக் கடலைக் காட்டுவது. அவள் முதன்முதலில் கடலைப் பார்ப்பது தாத்தா வண்டியிலிருந்துதான் என்று மனசுக்குள் முடிச்சுப் போட்டுவிட்டார். குழந்தைகளை வைத்துக் கட்டும் நாற்காலி ஒன்று வாங்கிப் பின்சீட்டில் பொருத்தினார். அதை இழுத்துப் பார்த்தார், ஆட்டிப் பார்த்தார், வீட்டுக்காரியையும் ஆட்டச் சொன்னார்.

“இன்னும் கொஞ்சம் ஆட்டுனா வண்டி வரும், நாற்காலி வராது,” என்றாள் அவள்.

அதற்கப்புறம் அந்த ஊர்க்காரர் யார் வண்டியில் வந்தாலும் விடமாட்டார். நம்பர் பிளேட்டைப் பார்த்ததும் முகம் மலரும். அவர்கள் ஊரைப் பற்றிக் கேட்பார். பூங்கா எப்படி, சந்தை எப்படி, கலங்கரை விளக்கம் எப்படி என்று ஆரம்பித்து, அங்கே வண்டியை எங்கே நிறுத்துவீர்கள் என்று முடிப்பார். கேட்டதை மனசில் வைத்துக்கொள்ளத் தோதாக, காலியாகக் கிடந்த ஒரு இடத்தில் சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் வரைந்து வைத்தார். மியூசியத்துக்கு ஒரு கட்டம். சந்தைக்கு ஒரு கட்டம். மகள் வீட்டுக்கு ஒரு கட்டம், அதில் ஒரு காது. ஆனால் ஊர் அடங்கவில்லை. பக்கத்து இடத்துக்குப் போனது. ஒருத்தர் துறைமுகம் பற்றிச் சொன்னார், அடுத்த இடத்துக்கும் போனது. கடற்கரை மட்டும் நாலு கார் நீளத்துக்கு நெளிந்து கிடந்தது. காலையில் வருகிற வண்டிகள் அதன்மேல் ஏறி நிற்கும். சாயங்காலம் அவை போனதும் டயர் அழித்த கடலை அவர் குனிந்து மறுபடி போடுவார்.

வீட்டுக்காரி ஒருநாள் சாப்பாடு கொண்டுவந்தபோது இடுப்பில் கை வைத்து அதைச் சுற்றி நடந்து பார்த்தாள். “நாம பாக்கப் போறது ஊரயா, ஊர்ல இருக்கற தூணயா?” என்று கேட்டாள். ரிவர்ஸ்காரர், நிறுத்த இடமில்லாத ஊரில் பார்க்க என்ன இருந்து என்ன என்று சோற்றைப் பிசைந்தார்.

மகளுக்குப் போன் போட்டார். அவள் சந்தோஷப்பட்டாள். நிறைய சந்தோஷப்பட்டாள். அப்புறம் நாற்காலி விஷயம் வந்தது.

“அப்பா, நீங்களும் அம்மாவும் எப்படி வேணா வாங்க. ஆனா குட்டிய நான் அந்த வண்டில ஏத்த மாட்டேன்.”

“ஏம்மா?”

“கோவிச்சுக்காதீங்கப்பா. நீங்க வண்டிய நிறுத்தறவரு. ஓட்டறவரு இல்ல.”

கோபித்துக்கொள்ளவில்லை. அன்று முழுக்க யாரிடமும் காதைக் காட்டவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த நாள் டாக்டரம்மா இறங்கி வந்தவர், தரையில் கிடந்த ஊரைப் பார்த்து நின்றுவிட்டார். வெகுநேரம் பார்த்தார். ரொம்ப நன்றாக இருக்கிறது என்று பாராட்டிவிட்டு, “எல்லாம் இருக்கு. ரோடு எங்க?” என்று கேட்டார்.

ரிவர்ஸ்காரர் குனிந்து பார்த்தார். கட்டம் கட்டமாக இருந்தது. ஒரு கட்டத்திலிருந்து இன்னொரு கட்டத்துக்கு ஒரு கோடுகூட இல்லை. அத்தனை பேரிடம் விசாரித்து, அத்தனை நாள் முட்டி தேய வரைந்து, ரோட்டை மறந்துவிட்டார். அவருடைய உலகத்தில் வண்டி வாசலுக்கு வரும், அப்புறம் கட்டத்துக்குள் நிற்கும். நடுவில் இருப்பது இன்னொருத்தர் பாடு.

இதைக் கேட்டு வீட்டுக்காரி சிரித்த சிரிப்பில் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாளைக் காலையில் புறவழிச் சாலைக்குப் போகலாம், நானும் வருகிறேன் என்று சொன்னாள். போனார்கள். மூன்றாவது கியரை அவர் கை தேடிய விதம், இருட்டில் சுவிட்சைத் தடவுகிற மாதிரி இருந்தது. விழுந்தபோது வண்டி லேசாக இழுத்துக்கொண்டு போனது, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மூச்சை விட்டார்கள். தினமும் போனார்கள். மூன்றாவது பழகிவிட்டது. “நாலாவதுன்னு ஒண்ணு இருக்குல்ல?” என்று அவள் கேட்டாள். அது அவசரக்காரர்களுக்கு என்று சொல்லிவிட்டார்.

லீவு வந்தது, கிளம்பினார்கள். வழி முழுக்க மூன்றாவது கியர்தான். இன்ஜின் கதறியது. லாரி முந்தியது, மாட்டுத்தீவனம் ஏற்றிய டிராக்டர் முந்தியது. பின்சீட்டில் ஆளில்லாத நாற்காலி பெல்ட் போட்டு உட்கார்ந்து வந்தது. வீட்டுக்காரி அவ்வப்போது திரும்பி, சௌகரியமா என்று அதைக் கேட்டுக்கொண்டாள்.

ஊர் வந்தது, வந்துகொண்டே இருந்தது. ரிவர்ஸ்காரருக்கு எல்லாமே புதுமை. ஒரு பாலத்துக்கு மேலே இன்னொரு பாலம் போவது, அதற்கு மேலே ரயில் போவது. தரையில் கிடந்த சாக்பீஸ் ஊர் இப்படி எழுந்து நிற்கும் என்று அவர் நினைக்கவில்லை. மகளின் அடுக்குமாடி வீட்டுக்குக் கீழே, காவலாளி வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டிய ஒரு சந்தில், ஒரே திருப்பில் வண்டியைப் பின்னால் விட்டார். காவலாளி வாயைப் பிளந்தார். மாடியிலிருந்து மகள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனாலும் அவள் சொன்னது சொன்னதுதான். நாலு நாள் அவர்கள் பஸ்ஸில் ஊர் பார்த்தார்கள். மியூசியத்தில் ரிவர்ஸ்காரர் கீழே இறங்கி அந்தத் தூணை மட்டும் தனியாகப் பார்த்துவிட்டு வந்தார். உரசிப்போன வண்டிகளின் பெயிண்ட் எல்லா நிறத்திலும் இருந்ததாம். கடல் பக்கம் மட்டும் போகவில்லை. குழந்தையில்லாமல் அங்கே போக மாட்டேன் என்று வீம்பு.

ஊருக்குத் திரும்ப ஒருநாள்தான் இருந்தது. அன்று விடிந்ததிலிருந்து குழந்தை அழுதுகொண்டே இருந்தது. பால் கொடுத்தாச்சு, தோளில் போட்டாச்சு, வயிற்றைத் தடவியாச்சு. மாப்பிள்ளை அழுகையைக் கேட்டபடியே வேலைக்குப் போனார். மகள் பல நாளாகவே சரியாகத் தூங்கவில்லை. கண் இரண்டும் உள்ளே போயிருந்தது. காற்றாடட்டும் என்று குழந்தையோடு கீழே வந்தாள், பின்னாலேயே அவள் அம்மாவும் வந்தாள். ரிவர்ஸ்காரர் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பின்கதவைத் திறந்துவிட்டார். மகளுக்குக் கால் ஓய்ந்திருந்தது. குழந்தையை நாற்காலியில் வைத்து, பெல்ட்டை மாட்டி, பக்கத்தில் சாய்ந்துகொண்டாள். நிற்கிற வண்டிதானே.

குழந்தை அழுகையை நிறுத்தவில்லை. அப்போது எதிர்வீட்டுக்காரர் வந்து, தன் வண்டியை எடுக்க வேண்டும், கொஞ்சம் தள்ளிக்கொள்ள முடியுமா என்றார். தொழில் பழக்கம், ரிவர்ஸ்காரர் உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். வண்டி நகர்ந்தது. அழுகை நின்றது.

எதிர்வீட்டு வண்டி போனதும் பழையபடி சந்துக்குள் சொருகினார், மயிரிழை பிசகாமல். வண்டி நின்றதும் அழுகை வந்தது. எடுத்தார், நின்றது. நிறுத்தினார், வந்தது. காவலாளி சிரிப்பை அடக்க முடியாமல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மகள் கண்ணை மூடியபடியே பேசினாள். “நிறுத்தாதீங்கப்பா. வெளிய போங்க.”

“எங்கம்மா?”

“எங்கயாவது. நிறுத்தாம போங்க.”

வீட்டுக்காரி ஓடிவந்து முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். கேட்டைத் தாண்டினார்கள். முதல் சிக்னலில் நின்றதும் பின்னாலிருந்து ஒரு சிணுங்கல். அதற்கப்புறம் தூரத்தில் சிவப்பைப் பார்த்தாலே வேகத்தைக் குறைத்து, ஊர்ந்து, பச்சை விழும்போது சரியாகப் போய்ச் சேர்ந்தார். இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, பேத்திதான் பழக்கினாள். சந்தை போனது. பூங்கா போனது. மியூசியமும் அந்தத் தூணும் போயின. சாக்பீஸ் கட்டம் ஒவ்வொன்றாக ஜன்னல் வழியே பின்னால் ஓடியது, அவர் எதிலும் நிற்கவில்லை. கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவில் இவ்வளவு இருக்கிறதா என்று பார்த்தார். பல்லி மாதிரி சுவரில் ஒட்டிக்கொண்டு பெயிண்ட் அடிக்கிறவர்கள், வரிசையாகப் பூட்டுக்கடைகள், நடுரோட்டில் ஒரு நாய்க்காக நிற்கிற பஸ்.

ஒரு வளைவில் திரும்பினார்கள். வலது பக்கம் முழுக்கக் கடல்.

அங்கே ஒரு இடம் காலியாக இருந்தது. கடலுக்கு நேர் எதிரில், நிழலோடு, இரண்டு பக்கமும் தாராளமாக விட்டு. அப்படி ஒரு இடத்தை அவர் பணிக்காலம் முழுக்கப் பார்த்ததில்லை.

“இடம் இருக்கு பாருங்க,” என்றாள் வீட்டுக்காரி மெதுவாக.

“தெரியுது,” என்றார். கை ஒருதரம் அந்தப் பக்கம் போய் வந்தது. கண்ணாடியில் பார்த்தார். பேத்தி வாயைத் திறந்து தூங்கினாள், அந்தக் காது நாற்காலியில் மடங்கியிருந்தது. அவள் கடலைப் பார்க்கவில்லை. பக்கத்தில் அவர் மகளும் அதே மாதிரி வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அந்த வண்டியில் ஏற்ற மாட்டேன் என்றவள்.

இடம் பின்னால் போய்விட்டது. ரோடு நேராக, காலியாக, கடலையொட்டிப் போனது. இன்ஜின் கதறுவது குழந்தையை எழுப்பிவிடுமோ என்று அவருக்குத் தோன்றியது. கையைக் கீழே கொண்டுபோனார். சத்தம் அடங்கியது. வீட்டுக்காரி அவர் கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், வெளியே பார்த்துக்கொண்டாள்.

வெகுதூரம் போன பிறகு மகள் கண் விழித்தாள். முதலில் குழந்தையைத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் ஜன்னல் நிறைய நீலமாக இருந்ததைப் பார்த்தாள்.

“அப்பா, எங்க இருக்கோம்?”

“எந்த எடம்னு தெரியலம்மா,” என்றார் ரிவர்ஸ்காரர், குரலை உயர்த்தாமல். “நாலாவது கியர்ல இருக்கோம்.”