கண் திரும்பாத பக்கம்

சோளக்காட்டுச் சந்தையில் ஒரு பலாப்பழம் இரண்டாகத் தெரிந்தது. அதுதான் முதல் அறிகுறி. முந்தைய வாரம் மிளகு பறிக்கும்போது மூங்கில் ஏணி நழுவித் தலையில் அடிபட்டிருந்தது. வலப்பக்கத்துப் பழத்தை எடுக்கப் போனேன். கைக்கு ஒன்றும் அகப்படவில்லை.

“ஏனுங்க, இருக்கறத உட்டுப்போட்டு இல்லாததுக்கு வெல பேசறீங்களே?” என்றார் பழக்காரர். நானும் சேர்ந்து சிரித்தேன்.

மலையிறங்கி, பஸ் பிடித்து, சேலத்தில் ஒரு கண் டாக்டரிடம் போனோம். தலையை அசைக்காமல் தன் விரலைப் பார்க்கச் சொன்னார். விரல் வலப்பக்கம் போனது.

“இவருக்கு ஒரு கண்ணு பாதியிலயே நின்னுக்குதுங்க” என்றாள் என் மனைவி பாவாயி.

நரம்புச் செயலிழப்பு (நரம்பின் கட்டளை தசைக்குப் போய்ச் சேராமை) என்றார் டாக்டர். “கண்ணைத் திருப்பச் சொல்லி மூளை உத்தரவு போடுது. கண் திரும்பல. திரும்பிட்டதாவே நம்பி மூளை கையை அனுப்புது. அதான் கை தள்ளிப் போகுது. வலது கண்ணைக் கட்டியே வைங்க. மாசக்கணக்குல ஆகும்.”

கட்டினேன். கை பழையபடி பொருளைத் தொட்டது. ஆனால் கொடியில் மிளகு பழுத்துக்கொண்டிருந்தது. ஏணி ஏறப் பாவாயி விடவில்லை. நரம்பு தேறிவிட்டதா என்று பார்க்க, ஒரு காலையில் அவளிடம் சொல்லாமல் துணியை நல்ல கண்ணுக்கு மாற்றினேன். எனக்கு வலப்பக்கம் உட்கார்ந்து அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தவள், திரும்பாமலே சொம்பை நீட்டினாள். சொம்பின் வாய் தெளிவாகத் தெரிந்தது. பானையைச் சாய்த்து ஊற்றினேன். வெந்நீர் அதைத் தாண்டி அவள் மணிக்கட்டில் விழுந்தது.

“உடுங்க, கண்ணு செஞ்ச வேல” என்றாள் பிறகு, கையை ஊதிக்கொண்டே.

துணியை மாற்றியது கண் அல்ல.

இதே நிலையில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தெளிவாகத் தெரிகிற பொருள், தெரிகிற இடத்தில்தான் இருக்கும் என்று நம்பாதீர்கள். சோதித்துத்தான் ஆக வேண்டுமென்றால் சுவரில் ஒரு கரிப்புள்ளி வைத்துத் தொட்டுப் பாருங்கள். அருகில் யாரும் இருக்க வேண்டாம்.

அடுத்த மழைக்காலத்துக்குள் கண் முழுதும் திரும்பியது. கரிப்புள்ளியில் விரல் சரியாக விழுகிறது. எங்கள் மலையின் அரியூர் நாட்டிலேயே உயரமான மிளகுக்கொடிக்கும் ஏணி வைத்து ஏறிவிட்டேன்.

காலையில் இப்போதும் நான்தான் வெந்நீர் ஊற்றுகிறேன். பாவாயி சொம்பைத் தரையில் வைத்துவிட்டுக் கையை மடிக்கு எடுத்துக்கொள்கிறாள். பேச்சு நிற்பதில்லை; கையை எடுப்பது அவளுக்கே தெரியாது. சொம்பு எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் கை மடியில் சேரும்வரை பானையைச் சாய்ப்பதில்லை. முன்பு இல்லாத அந்தச் சின்னக் காத்திருப்பில்தான் எங்கள் நாள் தொடங்குகிறது.