தங்கமா, பீங்கானா

என் மனைவியின் முன்பல் இரண்டு உடைந்ததற்கு நான் காரணமில்லை. ஒரு மைல்கல்தான் காரணம். பல்லவன் செதுக்கிய கல் ஊரெல்லாம் கிடக்க, நெடுஞ்சாலைக்காரர்கள் நட்டுவைத்த கல்லில் போய் மோதினாள் மகராசி. இதை அப்போதே வெளியே சொல்ல முடியாமல் போனதுதான் பேஜாரு.

எழுபதுகளில் மாமல்லபுரத்தில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தேன். மொத்தம் பதினொரு சைக்கிள். அதில் ஒன்று லேடீஸ் சைக்கிள், வெள்ளைக்காரப் பெண்களுக்காகவே வாங்கிப் போட்டது. காலையில் எடுத்துக்கொண்டு போவார்கள்; கோயில், புலிக்குகை என்று சுற்றிவிட்டு சாயங்காலம் செயின் நிறைய மணலோடு கொண்டுவந்து விடுவார்கள். நான் திட்டிக்கொண்டே மண்ணெண்ணெய் ஊற்றித் துடைப்பேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், குரலும் பெரிது. கோபம் வந்தால் பஸ் ஸ்டாண்டு வரை கேட்கும்.

கல்யாணமாகி ஆறு மாசம் இருக்கும். கடைக்குச் சாப்பாடு கொண்டுவந்த என் மனைவி, ஒரு வெள்ளைக்காரி லேடீஸ் சைக்கிளில் ஏறிப் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இன்னாங்க, அவ ஓட்டறா. எனக்கு மட்டும் காலு கோணலாவா கீது?"

பதில் இல்லாத இடத்தில்தான் எனக்குக் கோபம் வரும். கத்தினேன். அவள் திருப்பிக் கத்தவில்லை. மூன்று நாள் குழம்பில் உப்பு போடவில்லை. நாலாம் நாள் சரி என்றேன்.

மத்தியானம் இரண்டு மணிக்கு, காக்காகூட நிழலை விட்டு வெளியே வராத நேரமாகப் பார்த்து, சவுக்குத் தோப்பு ஓரத்து ரோட்டில் பாடம் நடந்தது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவள் மிதிப்பாள். நான் கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடுவேன். எட்டாம் நாள் அவளிடம் சொல்லாமல் கையை விட்டுவிட்டேன். எல்லோருக்கும் அப்படித்தான் சைக்கிள் பழக்குவது. நூறடி தூரம் ஜம்மென்று போனாள். பிறகு என்னிடம் ஏதோ சொல்லத் திரும்பிப் பார்த்தாள், பாருங்கள். நான் எங்கேயோ நிற்கிறேன். அவ்வளவுதான், நேராக மைல்கல்.

ஒரு முன்பல் பாதியாகப் போனது. பக்கத்துப் பல்லில் ஒரு முனை காணோம். வாயெல்லாம் ரத்தம். நான் பதறிப்போய்த் தூக்கினால் அவள் கேட்ட முதல் கேள்வி, "யாருனா பாத்தாங்களா?"

யாரும் பார்க்கவில்லை. வீடு வந்து சேருவதற்குள் அவளே கதையை முடிவு செய்துவிட்டாள். கிணற்றடியில் வழுக்கி விழுந்துவிட்டாளாம். நானும் மாடு மாதிரித் தலையாட்டினேன்.

இதைவிட மோசமான பொய்யை எங்கள் பக்கத்தில் தேடினாலும் கிடைக்காது. புருஷனிடம் அடி வாங்கிய பெண்கள் எல்லோரும் கிணற்றடியில்தான் வழுக்கி விழுவார்கள். கண் வீங்கினாலும் கிணற்றடி, கை பிசகினாலும் கிணற்றடி. கேட்கிறவர்களும், "அடடா, பாசி புடிச்சிருக்கும், பாத்து நடக்கக்கூடாதா" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அதிலும் எங்கள் வீட்டில் கிணறே கிடையாது. தெருக்குழாயில் பிடித்த தண்ணீரைத்தான் குடித்துக்கொண்டிருந்தோம்.

ஊர் முடிவு கட்டிவிட்டது. என் குரல்தான் பஸ் ஸ்டாண்டு வரை கேட்குமே, வேறு சாட்சி எதற்கு?

அடுத்த வாரம் கடப்பாக்கத்திலிருந்து என் மாமனார் வந்தார். சவுக்கும் வேர்க்கடலையும் போடுகிற சம்சாரி. அதிகம் பேசமாட்டார். மகளின் வாயைப் பார்த்தார். அவள் கிணற்றடி என்றாள். மனுஷர் எழுந்து போய்ப் புழக்கடையை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். வைத்த காப்பியைத் தொடவில்லை, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தார். அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் என் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. கல்யாணம் காட்சியில் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

"உண்மையச் சொல்லித் தொலையேன்" என்று இவளிடம் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன்.

"பொண்ணு சைக்கிள் வுடறான்னு தெரிஞ்சா நைனாக்கு ஊருக்குள்ள தல காட்ட முடியாதுங்க. கொஞ்ச நாள் பொறுத்துக்கோங்க."

பொறுத்துக்கொள்ளலாம்தான். ஆனால் அவள் சிரிப்பதை நிறுத்திவிட்டாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பெண் பார்க்கப் போன அன்று உள்ளேயிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டதே, அதற்காகத்தான் தலையாட்டினேன். இப்போது சிரிப்பு வந்தால் முந்தானை வாய்க்குப் போய்விடும். குனிந்து, தோளைக் குலுக்கி, சத்தமில்லாமல் முடித்துக்கொள்வாள். மாமனார் பேசாததற்கு ஒரு பங்கு வருத்தம் என்றால் இதற்கு ஒன்பது பங்கு.

உடைந்த பல் கறுக்க ஆரம்பித்தது. சூடு பட்டால் துடித்துப்போவாள். செங்கல்பட்டில் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு மாடியில் புதிதாக ஒரு பல் டாக்டர் வந்திருக்கிறார், பல்லைப் பிடுங்காமலே உறை போடுகிறார் என்று கேள்விப்பட்டேன். முதல் இரண்டு மூன்று தடவை போய் வலியை நிறுத்தினோம். உறை எது என்று முடிவு செய்யப் போகிற நாளை இவள் அப்பாவுக்குக் கார்டில் எழுதிவிட்டாள். செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் இறங்கினால், குடையோடு நிற்கிறார் மனுஷர்.

"ஏம்மா, டாக்டரு வூடு எந்தப் பக்கம்னு அவர கேளு."

ஓர் அடி தூரத்தில் நிற்கிறேன் நான்!

"ஸ்டேஷன் பக்கம், மாடியிலன்னு சொல்லு" என்றேன் நானும். அவள் எங்கள் இரண்டு பேரையும் விட்டுவிட்டு முன்னால் நடந்தாள்.

டாக்டர் சின்ன வயசுக்காரர், பொறுமைசாலி. இவளை நாற்காலியில் சாய்த்துவிட்டு, தங்க உறை ஒன்று, பீங்கான் உறை ஒன்று எடுத்துக் காட்டினார். தங்கம் ஆயுசுக்கும் உழைக்கும், ஆனால் வாயைத் திறந்தால் பளிச்சென்று தெரியும். பீங்கான் சொந்தப் பல் மாதிரியே இருக்கும், மெட்ராஸுக்கு அச்சு அனுப்பிச் செய்துவர வேண்டும்.

"தங்கமே போடுங்க, நான் தரேன்" என்றார் மாமனார். "பாக்கறவங்க தெனமும் பாத்துகினே இருக்கட்டும்." அந்தப் பாக்கறவங்க யாரென்று சொல்லத் தேவையில்லை.

"பீங்கான்" என்றேன் நான்.

"பீங்கான்னா காப்பி கோப்ப மாதிரி ஒடஞ்சிடாதா டாக்டர்?" என்றாள் இவள். நல்ல கேள்வி. எனக்குத் தோன்றவில்லை.

"சாப்பிடறதுக்கெல்லாம் தாங்கும்மா. பலமா அடி பட்டா ஒடையும். ஆமா, இது எப்படி ஒடைஞ்சுது?"

"கெணத்தடியில வழுக்கி வுழுந்துட்டேன்."

டாக்டர் கையிலிருந்த கண்ணாடியைக் கீழே வைத்தார். ஒரு தடவை என்னைப் பார்த்தார். அவருக்கும் கிணற்றடி தெரிந்திருக்கிறது.

"இங்க பாருங்கம்மா, யார் என்னன்னு நான் கேக்கல. ஆனா ஒண்ணு தெரியணும். இதே மாதிரி மறுபடியும் அடி படும்னா, பீங்கான் வைக்கறதுல பிரயோஜனமில்ல, தங்கமே வச்சிடலாம். படாதுன்னா பீங்கான் வைக்கலாம். பயப்படாம சொல்லுங்க. மறுபடியும் படுமா?"

இவள் யோசித்தாள். ஒரு விஷயம் எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரியும்: இரண்டு மாசமாகத் திரும்ப சைக்கிள் விட ஆரம்பித்திருந்தாள். டாக்டரிடம் பொய் சொல்லக்கூடாது என்று அன்றைக்குப் பார்த்து அவளுக்கு ஞானம் வந்துவிட்டது.

"பட்டாலும் படும் டாக்டர்."

குடை கீழே விழுந்த சத்தம் கேட்டது. அடுத்த நொடி என் சட்டைக் காலர் மாமனார் கையில் இருந்தது. ஒன்றரை வருஷம் கழித்து அவர் என்னிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தையை இங்கே எழுத முடியாது. கையும் ஓங்கிவிட்டார்.

"வுடு நைனா!" கழுத்தில் கட்டிய துணியோடு நாற்காலியிலிருந்து குதித்தாள் இவள். "அவரு அடிக்கல! சைக்கிள்ல இருந்து வுழுந்தேன்! நான்தான் கத்துக்குடுன்னு கேட்டேன். இப்பவும் வுட்டுகினுதான் கீறேன்!"

காலர் தளர்ந்தது. மாமனார் டாக்டருடைய ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"சைக்கிளா?"

"ஆமா நைனா."

"நீயா?"

"ஆமா."

"பொடவ கட்டிகினா?"

"பின்ன?"

மனுஷர் என்னைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், நெற்றியில் பட்டென்று அடித்துக்கொண்டார். "இதுக்கு அவரு ரெண்டு அறை வுட்டிருந்தாகூட தேவலாமேம்மா! ஊர்ல நான் இன்னான்னு சொல்வேன்?"

எனக்குச் சுரீரென்றது. நல்லா இருக்கிறதே நியாயம் என்று கத்த வாயைத் திறந்தேன். அதற்குள் இவள் சிரித்துவிட்டாள். அப்பாவின் முகத்தைப் பார்த்து, உடைந்த பல் இரண்டும் தெரிய, முந்தானை ஞாபகமே இல்லாமல், பெண் பார்த்த அன்று கேட்ட அதே சத்தத்தோடு.

"இந்தச் சிரிப்புக்கு பீங்கான்தான். அப்படியே இருங்கம்மா, வாய மூடாதீங்க!" என்று டாக்டர் ஒரு தகட்டை எடுத்துக்கொண்டு பாய்ந்தார். அதில் மாதிரிப் பற்கள் வரிசையாக இருந்தன, ஒவ்வொன்றும் ஒவ்வொரு வெள்ளை. வெள்ளையில் இத்தனை வெள்ளை இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். டாக்டர் முதல் பல்லை அவள் பல்லோடு வைத்துப் பார்த்தார்.

"அது வேணாம், சுண்ணாம்பு கணக்கா கீது" என்றார் மாமனார், இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டே. எழுந்து வந்து குனிந்து பார்த்தார். மகளுக்குப் பல் முளைத்த நாளிலிருந்து பார்த்த கண். நாலாவதையும் ஐந்தாவதையும் மாற்றி மாற்றி வைக்கச் சொன்னார். பிறகு திரும்பினார்.

"இன்னா மாப்ள, சும்மா நிக்கிறீங்க? நாலாவதா, அஞ்சாவதா, நீங்க சொல்லுங்க."

ஜன்னல் வழியாக ரயிலைப் பார்ப்பது போலத் திரும்பிக்கொண்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் நாலாவது என்று சொன்னேன்.

மூன்று வாரத்தில் பல் வந்து, பொருத்தியாகிவிட்டது. எது சொந்தம், எது மெட்ராஸில் செய்தது என்று எனக்கே தெரியவில்லை. மாமனார் சும்மா இருக்கவில்லை. என் மாப்பிள்ளை கை நீட்டவில்லை, சைக்கிள்தான் காரணம் என்று பஸ்ஸில் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லி வைத்தார். தலையைக் காட்ட முடியாது என்று பயந்த மனுஷர்தான் அவர்.

அதன் பிறகுதான் வேடிக்கை. ஒரே வாரத்தில் ஏழு பேர் கடைக்கு வந்துவிட்டார்கள். "பொம்பளைக்கு சைக்கிள் கத்துக்குடுத்தியாமே, உனக்கு இன்னாத்துக்குப்பா இந்த வேல?" டீக்கடைக்காரர் கேட்டார், முடிவெட்டுகிறவர் கேட்டார், எனக்கு முன்பின் தெரியாத ஒரு பெரியவர் சதுரங்கப்பட்டினத்திலிருந்து வந்து கேட்டார்.

நான் பெண்டாட்டியின் பல்லை உடைத்தவன் என்று ஊரே நம்பியிருந்த ஒன்றரை வருஷத்தில் ஒரு ஆள்கூட வந்து, "ஏன்டா அடிச்ச?" என்று கேட்கவில்லை. அதே டீக்கடையில் தினமும் டீ கொடுத்தார்கள், பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார்கள். எங்கள் வீட்டுக் காப்பியைத் தொடாமல் எழுந்து போனவர் அந்தக் கடப்பாக்கத்து மனுஷர் ஒருத்தர்தான். அப்போது எனக்கு அவர்மேல் அவ்வளவு ஆத்திரம். இப்போது எனக்கும் ஒரு பெண் இருக்கிறாள், கட்டிக்கொடுத்துவிட்டேன். அவள் வீட்டுக்குப் போனால், காப்பித் தம்ளரை வாங்குவதற்கு முன்னால் அவள் பல்லைத்தான் பார்க்கிறேன்.