ஐந்து ஸ்பீக்கர், ஒரு ஊஃபர், ராபர்ட்சன்பேட்டை

சத்தத்தை விற்கிற வேலையில் ஒரு சங்கடம் உண்டு: அரிசி மாதிரி நிறுத்துக் காட்ட முடியாது, புடவை மாதிரி விரித்துக் காட்டவும் முடியாது, போட்டுத்தான் காட்ட வேண்டும், போட்டால் தெருவே கேட்கும்.

தொண்ணூறுகளின் கடைசியில் ராபர்ட்சன்பேட்டை கடைவீதியில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் கடையில் சேல்ஸ்மேனாக இருந்தேன். மிக்சி, ஃபேன், டேப்ரெக்கார்டர் என்று நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த கடைக்கு ஒரு நாள் முதலாளி பெங்களூரிலிருந்து ஹோம் தியேட்டர் செட் கொண்டுவந்து இறக்கினார். ஐந்து சின்ன ஸ்பீக்கர், கனத்த சத்தத்தை 'தொம் தொம்' என்று அடிக்க ஓர் ஊஃபர் பெட்டி. எங்கள் தங்கச் சுரங்கம் இன்றைக்கு மூடும், நாளைக்கு மூடும் என்று ஊரே பேசிக்கொண்டிருந்த நேரம் அது. அப்படிப்பட்ட நேரத்தில் சினிமாக் கொட்டகையை வீட்டுக்குள் வாங்கி வையுங்கள் என்று சொல்வதுதான் என் பிழைப்பு. கவுன்டருக்குப் பின்னால் நின்று பழகியவர்களுக்கு இதன் கஷ்டம் புரியும். மற்றவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள், நான் ஒன்றும் நினைக்க மாட்டேன்.

முன்னாடி சத்தம், பின்னாடி சத்தம்

முதலில் வந்தவர் மண் அள்ளும் இயந்திரங்கள் செய்யும் தொழிற்சாலையில் மெஷினிஸ்ட். கையில் கிராஃப் பேப்பர். குவார்ட்டர்ஸ் ஹாலை அளந்து வரைந்து, கட்டில், பீரோ, கதவு எல்லாவற்றையும் அதில் குறித்து வைத்திருந்தார். எவ்வளவுக்குமேல் போகக் கூடாது என்று வீட்டம்மா சொல்லி அனுப்பிய தொகையும் ஓரத்தில் எழுதி, வட்டம் போட்டிருந்தது. இருவரும் கவுன்டரில் குனிந்து ஒவ்வொரு ஸ்பீக்கராக இடம் பார்த்தோம். நான்கு வரைக்கும் சரியாக வந்தது. ஐந்தாவது குளியலறைக்குள் போய் விழுந்தது.

எனக்கு ஏமாற்ற மனசு வரவில்லை. இந்தத் தொகைக்கு ஐந்து மட்டமான ஸ்பீக்கர் வாங்குவதைவிட நல்லதாக இரண்டு வாங்குங்கள், அந்த ஹாலுக்கு அதுவே அதிகம் என்றேன். முதலாளி கல்லாவிலிருந்து என்னை முறைத்தார். மெஷினிஸ்ட் பேப்பரை நான்காக மடித்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "சரிங்க, இப்போதைக்கு முன்னாடி சத்தம் மட்டும் குடுங்க. பின்னாடி சத்தத்த போனஸ் வந்தப்புறம் பாத்துக்கலாம்."

தெருவுக்கு வந்தவர்கள்

செட்டை விற்கத்தானே வைத்திருக்கிறோம் என்று ஒரு நாள் காலை ஊஃபரைக் கொஞ்சம் தூக்கலாக வைத்து, ரயில் கவிழும் ஒரு காட்சியைப் போட்டேன். கண்ணாடி அலமாரி கிடுகிடுத்தது. மிக்சி பார்த்துக்கொண்டிருந்த பெண் ஜாரைக் கீழே வைத்துவிட்டு வெளியே ஓடினாள். எதிர்க்கடை டெய்லர் கத்தரிக்கோலும் கையுமாக வந்தார். வளையல் கடையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். யாரும் என் கடையைப் பார்க்கவில்லை, சுரங்கம் இருந்த திசையைப் பார்த்தார்கள்.

நானும் அந்த ஊர்க்காரன்தான், எனக்கு உறைத்திருக்க வேண்டும். பூமிக்கு அடியில் அழுத்தம் தாங்காமல் பாறை வெடித்தால் மேலே பாத்திரமெல்லாம் குலுங்கும். எங்கள் ஊரில் அதற்கு ஏர்பிளாஸ்ட் என்று பெயர். யார் வீட்டு ஆள் எந்த ஷிஃப்ட்டில் இறங்கியிருக்கிறான் என்பதுதான் அந்த நிமிஷம் எல்லோருக்கும் ஞாபகம் வரும். எங்கள் கடைப் பெட்டிதான் அடித்தது என்று நான் போய்ச் சொன்னபோது யாரும் திட்டவில்லை. அது இன்னும் சங்கடமாக இருந்தது. டெய்லர் மட்டும் திரும்பிப் போகும்போது மெதுவாகச் சொன்னார்: "போட சொல்லோ ஒரு வார்த்த சொல்லிட்டுப் போடுப்பா. எங்க மச்சான் கீழ கீறாரு."

முனுசாமி கேட்ட பெட்டி

கோரமண்டலில் சுரங்கத் தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீட்டிலிருந்து முனுசாமியும் அவர் மனைவி கன்னியம்மாவும் வந்தார்கள். அவர் முப்பது வருஷம் சுரங்கத்துக்குள் டிரில் பிடித்து பாறையில் துளை போட்டவர். ரிட்டயராகி வெளியே வந்தபோது காது இரண்டும் போயிருந்தது. அவர் செட்டைக் காட்டினார், பேச்சை அந்தம்மா பேசினார். முன்னெல்லாம் ஞாயிறு தவறாமல் இருவரும் படத்துக்குப் போவார்களாம். இப்போது டிவியில் படம் போட்டால், அவன் என்ன சொன்னான், இவள் என்ன சொன்னாள் என்று இவர் கேட்பார். கன்னியம்மா கையைக் காலை ஆட்டிச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த சீன் வந்துவிடும், சண்டையும் வந்துவிடும். கடைசியில் படம் பார்ப்பதையே விட்டுவிட்டார்கள். அவர் வாசலில் வெயிலில் உட்கார்ந்துகொள்வார், கன்னியம்மா உள்ளே.

காது மெஷின் வாங்கலாமே என்று ஜாடையில் கேட்டேன். அவர் அதைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். அதில் விசில் சத்தம் மட்டும்தான் வருகிறதாம். சரி என்று டெய்லரிடம் சொல்லிவிட்டு வந்து படத்தைப் போட்டேன். சின்ன ஸ்பீக்கர் ஒன்றும் அவரை அசைக்கவில்லை. ஊஃபர்மேல் கையை வைத்ததும் முகம் மாறிவிட்டது. தரையில் உட்கார்ந்து பெட்டியில் முதுகைச் சாய்த்துக்கொண்டார். சண்டைக் காட்சி முடியும் வரை எழுந்திருக்கவில்லை. கன்னியம்மா அத்தனை நேரமும் ஒரு காலைக் கடைக்கு வெளியே வைத்தபடி நின்றார்.

முழு செட் அவர்கள் கைக்கு எட்டாது. முதலாளியைக் கெஞ்சி, எக்ஸ்சேஞ்சில் வந்த பழைய ஆம்ப்ளிஃபயரையும் புது செட்டின் ஊஃபரையும் மட்டும் தனியாகக் கொடுக்க வைத்தேன். மீதி ஐந்தும் எதற்கு உதவும் என்று முதலாளி கத்தியது வேறு கதை. மிச்சத்தைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று நான் காற்றில் ஐந்து விரலைக் காட்டியதற்கு முனுசாமி சொன்னார்: "அஞ்சு பேரு கத்துறது எனக்கு வாணாம்பா. இது ஒண்ணுதான் என்னாண்ட பேசுது."

கன்னியம்மா தனியாக வந்தது

ஒரு வாரத்துக்குள் கன்னியம்மா தனியாக வந்து பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னார். அக்கம்பக்கத்தார் சண்டையோ என்று கேட்டேன். அதெல்லாம் இல்லை. முதல் நாள் லைனே வெளியே வந்ததாம், அப்புறம் படம் போடுமுன் அந்தம்மாவே இரண்டு பக்கமும் போய்ச் சொல்லிவிடுகிறாராம். பிரச்சினை கன்னியம்மாவின் கால்கள்தான். முப்பது வருஷமாக ஏர்பிளாஸ்ட் அடிக்கும்போதெல்லாம் போட்டது போட்டபடி சுரங்க கேட்டுக்கு ஓடி, ஆளை ஏற்றி வரும் கூண்டு மேலே வந்து முனுசாமி இறங்கும் வரைக்கும் நின்றவர். இரண்டு தடவை அவர் கடைசிக் கூண்டில்தான் வந்தார். இப்போது பெட்டி அடித்தாலும் கால் தானாக ஓடுகிறது. தெருவுக்கு வந்த பிறகுதான், ஆள் ரிட்டயராகி வீட்டில் இருப்பது ஞாபகம் வருகிறது. நெஞ்சு படபடப்பு அடங்க அரை மணி நேரம் ஆகிறதாம்.

சத்தத்தைக் குறையுங்கள் என்றேன். குறைத்தால் அவருக்கு ஒன்றும் தெரியாது என்றார். அடியில் மணல் மூட்டை போடுங்கள் என்றேன். அதையும் போட்டுப் பார்த்துவிட்டார். ஒருத்தர் சந்தோஷமும் இன்னொருத்தர் உயிரும் ஒரே பெட்டியில் மாட்டிக்கொண்டால் சேல்ஸ்மேன் என்ன செய்வான்? நான்தானே விற்றேன் என்று எனக்கு வருத்தமாகவே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்கிறேன், அவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள் என்றேன். அந்தம்மா படியிறங்கிக்கொண்டே சொன்னார்: "நீயே சொல்லுப்பா. எனக்கு மனசு வரல, வந்து சொன்னாலும் அவருக்குக் கேக்காது."

ஆட்டோ காத்திருந்தது

ஆட்டோ வைத்துக்கொண்டு கோரமண்டலுக்குப் போனேன். மதியப் படம் ஓடிக்கொண்டிருந்தது. முனுசாமி நாற்காலியில் உட்கார்ந்து, வெறும் காலை ஊஃபர்மேல் வைத்திருந்தார். நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போது படத்தில் ஏதோ வெடித்தது. கன்னியம்மா கரண்டியோடு சமையலறையிலிருந்து பாய்ந்து வந்து, என்னைத் தாண்டி, வாசற்படி வரைக்கும் போய்விட்டார். அங்கே நின்று திரும்பிப் பார்த்தார். முனுசாமி அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, பக்கத்தில் வந்து உட்காரும்படி கையைக் காட்டினார். அவர் போய் உட்கார்ந்ததும், பாலம் உடைந்து லாரி ஆற்றுக்குள் போய்விட்டது என்று முனுசாமி அவருக்குக் கதை சொன்னார். சமையலறையில் இருந்ததால் அந்தக் காட்சியை கன்னியம்மா பார்த்திருக்கவில்லை. உம் கொட்டிக் கேட்டுக்கொண்டார்.

நான் அடுத்த விளம்பரம் வரைக்கும் நின்றேன். வெளியே ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். எடுத்துக்கொள்ளட்டுமா என்று மெதுவாகக் கேட்டேன். கன்னியம்மா கரண்டியை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "இருக்கட்டும், நீ போப்பா. முப்பது வருஷமா ஓடிப்போயி, எப்போ மேல வருவாரோன்னு சுரங்க கேட்டாண்ட நின்னேன். இப்போ ஓடினா, திரும்பிப் பாத்தா போதும், ஆளு குந்திகினு கீறாரு."

நான் விற்ற அத்தனை செட்டிலும், சத்தம் போதவில்லை என்று ஒருமுறைகூடக் கடை ஏறி வராதது, காது கேளாதவருக்கு விற்ற அந்த ஒன்றுதான்.